புள்ளிக்கோடு காலி இடம் அல்ல

டீ சொல்லியாயிற்று. வரும்வரை எதிரே கொஞ்சம் பார்ப்போம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் காலை ஷிப்ட் மாறும் நேரம். மின்சார ரயிலில் வந்து இறங்கியவர்கள், கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள், பக்கத்து வாடகை அறைகளிலிருந்து நடந்தே வருகிறவர்கள். ரோலிங் மில்லுக்குப் போகிறவர்களில் பலர் பீகார், ஒடிசா பக்கத்துப் பிள்ளைகள். புதிதாகச் சேர வந்தவரைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆதார் நகல், பாங்க் பாஸ்புக், இரண்டு போட்டோ. அந்தக் கவருக்குள் இன்னொரு தாளும் இருக்க வேண்டும். நாம் இன்று பேசப்போவது அந்தத் தாள் எப்படித் தயாராகிறது என்பதைப் பற்றி.

2025 நவம்பர் 21 அன்று நாட்டின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்று, பணியிடப் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் பற்றி 2020-இல் இயற்றப்பட்ட தொகுப்பு. வேலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறது அது. ஏற்கெனவே வேலையில் இருந்தும் கடிதம் வாங்காதவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு இது புதிதல்ல. ஆனால் மில்லுக்கு 160 பேரை அனுப்பும் ஒரு காண்ட்ராக்டரின் அலுவலகத்தை நினைத்துக்கொள்வோம். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். காலையில் மஸ்டர் ரோல், மாலையில் பி.எஃப். கணக்கு என்று எல்லாவற்றையும் பார்ப்பவர் ஒரே ஒரு பெண். அந்த 160 கடிதமும் அவர் தலையில்தான் விழும்.

அவர் என்ன செய்வார்? கடைசியாக அடித்த கடிதத்தைத் திறப்பார். பழைய பெயரை அழித்துப் புதுப் பெயரை அடிப்பார். தகப்பனார் பெயர், ஊர், சேர்ந்த தேதி, தினக்கூலி என்று ஒவ்வொன்றாக மாற்றி வேறு பெயரில் சேமிப்பார். நாற்பதாவது கடிதத்தில் கண் சோர்ந்துவிடும். முந்தைய ஆளின் இ.எஸ்.ஐ. எண் அடுத்த ஆளின் கடிதத்தில் அப்படியே தங்கிவிடும். இத்தனைக்கும் இந்த விவரம் எல்லாம் ஏற்கெனவே அவரிடம் எக்செல்லில் இருக்கிறது. அங்கே இருப்பதை இங்கே கொண்டுவந்து வைக்கக் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா என்று அவர் கேட்டால், கேள்வி நியாயமானது. தெரியும். ஆனால் அவருடைய கடிதம் அதற்கு வழிவிடவில்லை.

ஏன் என்று பார்க்க, அந்தக் கடிதத்தைத் திறந்துகொள்வோம். "திரு" என்று தொடங்கி நீளமாய் ஒரு புள்ளிக்கோடு. பிறகு "த/பெ", மறுபடி புள்ளிக்கோடு. நம் கண்ணுக்கு இவை காலி இடங்கள். இங்கேதான் ஏறக்குறைய எல்லோரும் இடறுகிறோம். தாளில் புள்ளிக்கோடு காலி இடம்தான். பேனாவை வைத்து அதன் மேலேயே எழுதிவிடலாம், மை புள்ளிகளை மூடிவிடும். கம்ப்யூட்டரில் அது நாற்பது முற்றுப்புள்ளிகள். ஒவ்வொன்றும் ஓர் எழுத்து. "க" எப்படி ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதோ, அப்படியே ஒவ்வொரு புள்ளியும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நாம் காலி என்று நினைத்த இடம் முழுக்க நிரம்பியிருக்கிறது.

அதனால்தான் அங்கே பெயரை அடித்தால் புள்ளிகள் வலப்பக்கம் தள்ளிக்கொண்டு போகின்றன. வரி உடைந்து கீழே விழுகிறது. ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்து, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தனித்தாளில் வந்து நிற்கிறது. புள்ளிக்குப் பதில் அடிக்கோடு போட்டாலும் இதே கதை, அடிக்கோடும் ஓர் எழுத்துதான். இப்போது ஒரு புரோகிராமிடம் "காலி இடத்தை நிரப்பு" என்று சொன்னால், அது எந்த இடத்தை என்று தேடும்? அந்தக் கோப்பில் காலி இடம் என்று ஒன்றுமே இல்லை. சைக்ளோஸ்டைல் காலத்திலும் அச்சடித்த படிவக் காலத்திலும் கையில் ஊறிய பழக்கத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்துவிட்டோம். யாருடைய தவறும் அல்ல. யாரும் சொல்லித் தராததால் நேர்ந்தது.

அப்படியானால் கம்ப்யூட்டருக்குப் புரிகிற காலி இடம் எப்படி இருக்கும்? நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைப் போல. தாளிக்கும்போது பாட்டி குனிந்து பார்ப்பதே இல்லை. கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை. கடுகு தீர்ந்துபோனாலும் அது கடுகு அறைதான். அறைக்கு எல்லை உண்டு, பெயர் உண்டு, உள்ளே ஒன்றும் இல்லாதபோதும் அது இருக்கிறது. வேர்டில் இப்படிப்பட்ட அறைக்கு கன்டென்ட் கன்ட்ரோல் என்று பெயர். வேர்டு 2007-இலிருந்தே இருக்கிறது. இத்தனை வருடமாகப் பெரும்பாலோர் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், அதை வைக்கும் கருவிகள் டெவலப்பர் என்ற பட்டையில் இருக்கின்றன, அந்தப் பட்டை தானாகத் தெரியாது. ஆப்ஷன்ஸ் பக்கத்தில் கஸ்டமைஸ் ரிப்பன் என்ற இடத்துக்குப் போய் டெவலப்பருக்கு ஒரு டிக் போட வேண்டும். அவ்வளவுதான்.

பட்டை வந்துவிட்டதா? புள்ளிக்கோட்டை முழுதும் அழித்துவிட்டு, கர்சரை அங்கேயே வைத்து, வெறும் எழுத்துக்கான பெட்டி ஒன்றை வைக்கிறோம். பிறகு அதன் ப்ராப்பர்டீஸைத் திறந்தால் இரண்டு பெயர் கேட்கும். ஒன்று டைட்டில், மற்றது டேக். டைட்டில் மனிதர்களுக்கு, பெட்டியின் மேல் கர்சர் வந்தால் தெரியும். டேக் புரோகிராமுக்கு. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் ஒன்று என்று இருப்பதைப் போல. இந்த ரேஷன் கார்டுப் பெயரை எக்செல் பட்டியலின் தலைப்போடு எழுத்து பிசகாமல் ஒன்றாக வைத்துவிட்டால், பாதி வேலை முடிந்தது. எக்செல்லில் "தந்தை_பெயர்" என்றால் டேக்கிலும் "தந்தை_பெயர்".

இனி கோப்புக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. வேர்டு கோப்பு ஒரே துண்டு அல்ல. அது ஓர் அடுக்கு டிபன் கேரியர். கோப்பின் பெயரில் கடைசியாக உள்ள டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தால் அடுக்குகள் தனித்தனியாகத் தெரியும். ஒன்றில் கடிதத்தின் எழுத்துகள், ஒன்றில் அழகுக் குறிப்புகள், ஒன்றில் படங்கள். எழுத்து அடுக்கு எக்ஸ்எம்எல் என்ற முறையில் எழுதப்பட்டிருக்கும். மளிகைக் கடையில் ஒவ்வொரு டப்பாவின் மேலும் சீட்டு ஒட்டி அடுக்குவார்களே, அந்த முறைதான். நாம் வைத்த பெட்டியும் அங்கே சீட்டோடு நிற்கும். கேரியரை எப்படி அடுக்க வேண்டும் என்ற விதி 2006-இல் எக்மா தரமாகவும் 2008-இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் வெளியாகிவிட்டது. விதி ஊரறிந்தது என்பதால், வேர்டே இல்லாத கம்ப்யூட்டரிலும் ஒரு புரோகிராம் கேரியரைத் திறந்து, சரியான டப்பாவைக் கண்டுபிடித்து, அதில் பெயரை வைத்து மூடிவிட முடியும்.

நிரப்புகிறவர் யார் என்பதில் இரண்டு வழி. வேர்டையே வேலைக்கு அமர்த்துவது ஒன்று. வேர்டுக்குள் எழுதும் மேக்ரோவில், இந்த டேக் உள்ள பெட்டிகளை எல்லாம் எடு, இதை உள்ளே வை என்று சொல்லலாம். ஒரே அலுவலகம், ஒரே கம்ப்யூட்டர், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்றால் இது போதும். இரண்டாவது, பைத்தான் போன்ற மொழியில் எழுதி, வேர்டைத் தொடாமல் கேரியரை நேராகத் திறப்பது. ஆள் இல்லாத சர்வரில் இரவோடு இரவாகக் கடிதங்கள் தயாராக வேண்டுமென்றால் இந்த வழிதான். ஆளில்லாத இடத்தில் வேர்டை ஓடவிடாதீர்கள் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. நடுவில் ஏதாவது ஒரு சின்ன ஜன்னல் திறந்து "சரியா?" என்று கேட்டால், பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

எக்செல்லின் ஒரு வரியை எடு. மாதிரிக் கடிதத்தின் நகலைத் திற. ஒவ்வொரு தலைப்புக்கும் அதே டேக் உள்ள பெட்டியைக் கண்டுபிடி, நிரப்பு. சேமி. அடுத்த வரி. எந்த வழியானாலும் அடிப்படை இவ்வளவுதான். சேமிக்கும்போது மட்டும் கோப்புக்குத் தொழிலாளியின் பெயரை வைக்காமல் டோக்கன் எண்ணை வையுங்கள். 160 பேரில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பது சாதாரணம். இரண்டாவது ஆளின் கடிதம் முதல் ஆளின் கடிதத்தின் மேலேயே சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும்.

டீ ஆறுவதற்குள் ஒரு குறுக்குவழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டவுடன் எல்லோருக்கும் தோன்றுவது அதுதான். பெட்டி எதற்கு, பெயர் வரவேண்டிய இடத்தில் இரண்டு நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் "பெயர்" என்று எழுதிவிட்டு, புரோகிராமை அதைத் தேடி மாற்றச் சொன்னால் ஆகாதா? சில நேரம் ஆகும். சில நேரம், கண்ணெதிரே தெரிகிற சொல்லையே புரோகிராம் இல்லை என்று சொல்லும். பூக்காரம்மாவிடம் வாங்கிய முழத்தை நினைத்துப் பாருங்கள். பார்வைக்கு ஒரே சரம். விரலால் தடவினால் நடுவில் ஒரு முடிச்சு தட்டுப்படும், இரண்டு துண்டை இணைத்திருப்பார்கள். வேர்டும் ஒரு வரியைத் துண்டு துண்டாகத்தான் வைத்திருக்கிறது. நடுவில் ஓர் எழுத்தைத் திருத்தினாலோ, எழுத்துப்பிழை சோதனை ஓடினாலோ, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறினாலோ அங்கே ஒரு முடிச்சு விழும். "பெய" ஒரு துண்டிலும் "ர்" அடுத்த துண்டிலும் இருந்தால், ஒவ்வொரு துண்டாகத் தேடுகிற புரோகிராம் எங்கே கண்டுபிடிக்கும்? இந்த முடிச்சுகளைச் சமாளிக்கவே எழுதப்பட்ட கருவிகள் உண்டு. ஆனாலும் என் எண்ணம், பெட்டியே மேல். பெட்டிக்குள் எத்தனை முடிச்சு இருந்தாலும் பெட்டியின் எல்லை மாறுவதில்லை.

பெட்டியிலும் ஒரு சங்கதி உண்டு. புதிதாக வைத்த பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் "எழுத இங்கே கிளிக் செய்யவும்" என்பதுபோல் ஒரு வரி இருக்கும். அது உள்ளடக்கம் அல்ல, பஸ் சீட்டில் போட்ட துண்டு. ஆள் வரும்வரை இடம் பிடித்து வைத்திருக்கிறது. நாம் கையால் அடித்தால் வேர்டு துண்டை எடுத்துவிட்டு ஆளை உட்காரவைக்கும். கேரியரை நேராகத் திறக்கும் புரோகிராமோ, சொல்லாவிட்டால் துண்டை எடுக்காது, அதன் மேலேயே ஆளை உட்காரவைத்துவிடும். கோப்புக்குள் "இங்கே இருப்பது துண்டுதான்" என்ற குறி அப்படியே கிடக்கும். பெயர் சாம்பல் நிறத்தில் தெரியலாம். இல்லை, எல்லாம் சரியாகத் தெரிந்து, பிறகு யாரோ திருத்துவதற்காக அதன் மேல் கிளிக் செய்து ஓர் எழுத்தைத் தட்டியதும் முழுப் பெயரும் மறைந்துபோகலாம். நிரப்பும்போதே அந்தக் குறியையும் நீக்கிவிட வேண்டும். இது தெரியாமல் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறைய.

நியமனக் கடிதத்தில் ஒரே பெயர் நான்கைந்து இடத்தில் வரும். மேலே முகவரியில், நடுவில் விதிமுறையில், கடைசியில் "பெற்றுக்கொண்டேன்" என்ற இடத்தில். ஒரே டேக்கை எத்தனை பெட்டிக்கு வேண்டுமானாலும் வைக்கலாம், புரோகிராம் எல்லாவற்றையும் நிரப்பும். இன்னும் நேர்த்தியான வழியும் உண்டு. வீட்டு மாடியில் ஒரு தொட்டி, கீழே ஐந்து குழாய். குழாய் குழாயாகவா நீர் ஊற்றுகிறோம்? தொட்டியை நிரப்புகிறோம். வேர்டு கோப்பின் அடுக்குகளில் ஒன்றைத் தொட்டியாக வைத்துக்கொண்டு, பெட்டிகளை அதனோடு இணைத்துவிட முடியும். புரோகிராம் தொட்டியில் ஒரே ஒருமுறை பெயரை வைத்தால், கோப்பை வேர்டில் திறக்கும்போது ஐந்து இடத்திலும் பெயர் வந்து நிற்கும். பிறகு யாராவது ஓரிடத்தில் எழுத்துப்பிழையைத் திருத்தினால் மற்ற நான்கும் தானாகத் திருந்திக்கொள்ளும்.

சிலரிடம் பழைய படிவங்கள் இருக்கும். சாம்பல் கட்டங்கள், பூட்டுப் போட்டால்தான் நிரப்ப முடியும். 2007-க்கு முந்தைய தலைமுறை அது. அதையும் புரோகிராமால் நிரப்பலாம். ஆனால் அங்கே ஒரு பெயருக்கு ஒரே கட்டம்தான், கட்டத்தை நகலெடுத்து ஒட்டினால் நகலுக்குப் பெயர் இருக்காது. புதிதாகச் செய்கிறவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டியதில்லை.

மெயில் மெர்ஜ் இருக்கிறதே, அது போதாதா என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. அச்சடித்துக் கையில் கொடுத்தால் முடிந்தது என்றால் தாராளமாகப் போதும். ஒருவரி புரோகிராம்கூட எழுதவேண்டாம். ஆனால் மெர்ஜ் ஆனபின் அது வெறும் எழுத்து, அறைகள் கரைந்துவிடும். பெட்டி அப்படி அல்ல, நிரம்பிய பிறகும் பெட்டியாகவே இருக்கும். கடிதத்தின் விதிமுறைகளை யாரும் தொடாதபடி பூட்டிவிட்டு, முகவரியை மட்டும் திருத்த விடலாம். ஆறு மாதம் கழித்து 160 கடிதங்களையும் புரோகிராமிடம் கொடுத்து, இவற்றில் உள்ள கூலியையும் தேதியையும் படித்து ஒரு பட்டியலாகக் கொடு என்றும் கேட்கலாம். நிரப்பத் தெரிந்த பெயரை வைத்தே திரும்பப் படிக்கவும் முடியும்.

தமிழில் கடிதம் கொடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வேர்டு எழுத்துருவையும் அளவையும் இரண்டு இடத்தில் குறித்து வைக்கிறது. ஆங்கிலத்துக்கு ஓர் இடம், தமிழ், இந்தி, அரபு போன்ற எழுத்துகளுக்கு வேறோர் இடம். புரோகிராம் முதல் இடத்தில் மட்டும் எழுதிவிட்டால், ஆங்கிலம் நாம் சொன்ன அளவிலும் தமிழ் வேறு அளவிலுமாகக் கடிதம் வந்து நிற்கும். தடித்த எழுத்துக்கும் இதே இரட்டைக் கணக்கு. மாதிரிக் கடிதம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினியில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துதான். தமிழும் ஆங்கிலமும் அங்கே ஒரே இருக்கையில் உட்கார்ந்திருக்கின்றன.

பெட்டியைவிட அதிகம் காலை வாருவது எக்செல். சேர்ந்த தேதி 2025 ஏப்ரல் 1 என்று நீங்கள் பார்க்கும் கட்டத்துக்குள் உண்மையில் இருப்பது 45748 என்ற எண். 1900-இன் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாள்கணக்கு அது. கவனிக்காத புரோகிராம் அந்த எண்ணையே கடிதத்தில் வைத்துவிடும். பாங்க் கணக்கு எண் இன்னும் ஆபத்து. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவு வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் வரும் பூஜ்யங்களும் காணாமல் போகும். கணக்கு எண், ஆதார், யு.ஏ.என். எல்லாவற்றுக்கும் அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று முதலிலேயே மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு அடிக்க வேண்டும். அடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கையால் அடித்தால் ஒரு தவறு ஒரு கடிதத்தில் இருக்கும். புரோகிராமில் ஒரு தவறு 160 கடிதத்திலும் இருக்கும். பி.எஃப். பணத்தை எடுக்கப் போகும் நாளில், ஆதாரில் ஒரு எழுத்து, பதிவில் வேறு எழுத்து என்றால் பணம் நின்றுவிடும். ஊருக்குத் திரும்பிப்போன ஒருவர் அந்த ஓர் எழுத்துக்காகக் கும்மிடிப்பூண்டிக்கு மறுபடி ரயிலேற வேண்டுமா? ஆகவே பெயரை வாயால் கேட்டு எழுதாமல் ஆதாரைப் பார்த்து எழுதுங்கள். முதலில் மூன்று கடிதம் மட்டும் தயாரியுங்கள். மிக நீளமான பெயர் உள்ளவர் ஒருவர், ஏதோ ஒரு விவரம் விட்டுப்போனவர் ஒருவர், சாதாரணமாக ஒருவர். அந்த மூன்றையும் தாளில் அச்சிட்டு, பேனாவோடு வரி வரியாகப் படித்த பிறகு மற்றவற்றை ஓடவிடுங்கள்.

கடைசி மிடறுக்கு முன் ஒன்று. கடிதத்தின் வாசகம் ஓரிடத்திலும் ஆளின் விவரம் இன்னோரிடத்திலும் பிரிந்துவிட்டன அல்லவா? அப்படியானால் அதே பெட்டிகள், அதே டேக்குகளோடு இந்தியில் ஒரு மாதிரிக் கடிதம், ஒடியாவில் ஒரு மாதிரிக் கடிதம் வைத்துக்கொள்ள முடியும். மொழி தெரிந்த ஒருவரிடம் ஒரே ஒருமுறை மொழிபெயர்த்து வாங்கினால் போதும். எக்செல்லில் "மொழி" என்று ஒரு பத்தி சேர்த்தால், யாருக்கு எந்த மாதிரியை எடுப்பது என்று புரோகிராம் பார்த்துக்கொள்ளும். பெயர் ஆதாரில் உள்ள ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். கூலி எவ்வளவு, ஓவர்டைம் எப்படி, வார விடுமுறை என்றைக்கு என்பதெல்லாம் அவர் மொழியில் இருக்கும். காண்ட்ராக்டர்களே, டைம் ஆபீஸில் இருப்பவர்களே, ஒடிசாவிலிருந்து வந்தவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அவரால் படிக்க முடிந்த தாளை அவர் கையில் கொடுங்கள்.